சத்தம் போடாத ஹீற்றர்

எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காவது மாடியில் ஓர் அப்பார்ட்மென்ற் எடுத்தோம். நான் கனடாவுக்கு வந்து மூன்று கிழமைதான். திறப்பை என் கையில் தந்துவிட்டுக் கணவர் சொன்னார்:

"ஹீற், தண்ணி, கரண்ட் எல்லாம் வாடகைக்குள்ளையே வருது. நீர் இனி ஒண்டுக்கும் யோசிக்கத் தேவையில்லை."

உண்மைதான். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. விடிய முன்னரே அவர் தொழிற்சாலைக்குப் போவார். அங்கிருந்து நேரே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவப் போவார். திரும்பி வரும்போது நான் நித்திரையாகியிருப்பேன். இரண்டு பேருக்குச் சமைக்க ஒரு மணித்தியாலம் போதும். மிச்சப் பகலில் குழாயைத் திறந்து, சுடுதண்ணீரில் கையைப் பிடித்தபடி சும்மா நிற்பேன்.

கார்த்திகையில், சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் ஹீற்றர் டங் டங் என்று அடிக்கத் தொடங்கியது. லிப்ற்றில் ஒத்திகை பார்த்த ஆங்கிலத்தில், கீழேயிருந்த, கட்டடத்தைப் பராமரிக்கிற சுப்பரின்ரென்டன்றிடம் போய்ச் சொன்னேன். போர்த்துக்கல்காரர், அறுபது வயதிருக்கும். கருவிப் பெட்டியோடு மேலே வந்து ஹீற்றரின் ஓரத்துத் திருகைத் தளர்த்தினார். உஸ்ஸென்று காற்றுப் போயிற்று. அதன் பிறகு சொட்டிய தண்ணீரைத் தகரப் பேணியில் ஏந்தினார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போல நொண்டியதால் எனக்கு வெட்கம் வரவில்லை. தேத்தண்ணீர் கொடுத்தேன். எந்த நாடு என்று கேட்டார். அங்கேயும் இப்படிக் குளிருமா என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாட்களுக்குப் பிறகு பகலில் என்னோடு கதைத்த மனிதர் அவர்தான்.

அடுத்த கிழமை ஹீற்றர் ஒழுங்காகவே இருந்தது. ஆனாலும் மறுபடி சத்தம் கேட்கிறது என்று போய்ச் சொன்னேன். வந்து திருகைத் தளர்த்தினார், தேத்தண்ணீர் குடித்தார், மகளைப் பற்றிக் கதைத்தார். மூன்றாம் தரம் வந்தபோது பெட்டியைத் திறக்கவேயில்லை. ஹீற்றரில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"இதிலே பழுது ஒன்றும் இல்லைத்தானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் போனபின் கதவைப் பூட்டிவிட்டு அழுதேன். பிறகு கீழே போகவில்லை.

விஷயம் எப்படியோ கணவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு ஞாயிறு காலை, உணவகத்துக்குப் புறப்பட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏனப்பா, மூண்டு தரம் அந்த மனுசனைக் கூப்பிட்டனீராம். ஹீற்றருக்கு என்ன?"

"ஒண்டுமில்லை."

"பிறகேன் கூப்பிட்டனீர்?"

"கதைக்க ஆளில்லையப்பா. அதுக்குத்தான்."

கோபிப்பார் என்று நினைத்தேன். அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"உம்மை இஞ்ச கூப்பிட்டுப்போட்டுத் தனிய விட்டிட்டன், என்ன?" என்றார். பிறகு உணவகத்துக்கு ரெலிபோன் எடுத்து, சுகமில்லை என்று பொய் சொன்னார்.

எனக்கு அவரிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. உலையை வைத்துவிட்டு வந்து பார்த்தபோது, சப்பாத்தும் கழற்றாமல் நித்திரையாகியிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. இருட்டும்வரை பக்கத்தில் இருந்தேன்.

தை மாதம் எனக்கும் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மெஷின் இரைச்சலில் அங்கேயும் அதிகம் கதைக்க முடியவில்லை. ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துக் கதிரையில் ஒருத்தி இருந்தாள்.