கிடாய் சொன்ன படிப்பு

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன். "உங்களுக்கு கேரியர் கைடன்ஸ் கொடுத்தது யார் சார்?" என்று ஆபீஸில் சின்னப் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம், "ஒரு ஃபேமிலி ஃப்ரெண்ட்" என்று மழுப்பிவிடுவேன். உண்மையில் அது ஒரு கறுப்புக் கிடாய்.

ஈர ரோமத்தின் வாடை, மஞ்சள் தண்ணீர், சாம்பிராணிப் புகை... எரியோடு என்ற ஊரைத் தாண்டி எங்கள் குலதெய்வம் கோயில். ஆடி மாத உச்சிவெயில்.

பிளஸ் டூ முடித்திருந்தேன். டி.வி.யில் டை கட்டியவர்கள் ஷேர் மார்க்கெட் பற்றிப் பேசுவதைப் பார்த்து, ஃபைனான்ஸ் வேலைதான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். அதற்கு என்ன படிப்பது என்பதில்தான் வீடு இரண்டாகிவிட்டது.

பம்பாயில் வேலை பார்த்த சித்தப்பா, "பெரிய பெரிய பேங்க்காரனே இப்ப இன்ஜினியரத்தான்ணே எடுக்குறான். கணக்குல புலியா இருப்பாய்ங்கள்ல" என்றார்.

திண்டுக்கல்லில் பூட்டுக்கடை வைத்திருந்த அப்பா விடவில்லை. "காசு வேலைக்குப் போறவன் காசப் பத்தித்தானடா படிக்கணும்? போல்ட்டு நட்டு படிச்சு என்ன செய்யப் போறான்? பி.பி.ஏ. போதும்."

மறுநாள் இன்ஜினியரிங் கவுன்சலிங். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையே அறுந்துபோகும் நிலை. கடைசியில், வெட்ட நிறுத்தியிருந்த கிடாயிடமே கேட்டுவிடலாம் என்று ஆனது. எங்கள் பக்கம் தலையில் தண்ணீர் ஊற்றியதும் கிடாய் உடம்பைச் சிலுப்பினால் அதுதான் சாமி உத்தரவு. வெட்டுவதற்குக் கேட்கும் உத்தரவை காலேஜ் சீட்டுக்குக் கேட்ட குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பூசாரி தண்ணீர் ஊற்றினார். "ஆத்தா, புள்ள இன்ஜினியருக்குப் படிக்கட்டுமா?"

கிடாய் அசையவில்லை.

மறுபடி தண்ணீர். "பி.பி.ஏ. படிக்கட்டுமா?"

ம்ஹூம்.

அப்போதுதான் கவனித்தேன்... அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மெல்ல நகர்ந்து அத்தையின் முதுகுக்குப் பின்னால் போனேன். அதன் தலையும் மெல்லத் திரும்பியது. மஞ்சள் கண், நடுவில் படுக்கைக் கோடாகக் கருமணி. கொட்டு நின்றுவிட்டது. காற்றும் நின்றுவிட்டது. புளியமரத்தில் ஒரு காக்காய்கூட இல்லை.

பயம் வந்தால் கேலி பேசுவது அத்தையின் சுபாவம். "ஏண்ணே, ரெண்டும் வேணாம்னா ஆடிட்டருக்குப் படிக்கட்டுமானு கேளுங்களேன்" என்றாள்.

தண்ணீர்கூட ஊற்றவில்லை. கிடாய் சிலுப்பியது பாருங்கள்... கொம்பிலிருந்து வால் வரைக்கும். எங்கள் எல்லோர் முகத்திலும் மஞ்சள் தண்ணீர். ஒருவரும் துடைக்கவில்லை.

"உத்தரவு ஆயிருச்சுப்பு" என்றார் பூசாரி.

அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வண்டியில் ஊர் திரும்பினார்கள். கவுன்சலிங்குக்கு யாரும் போகவில்லை.

பி.காம். முடித்து சி.ஏ.வில் இறங்கினேன். பெயிலான ஒவ்வொரு தடவையும் பரீட்சை ஹாலுக்கு வெளியே ஆட்டு மணிச் சத்தம் கேட்டது. மதுரையின் நட்டநடுவில், மாடியில்! கேட்காத தடவை பாஸாகிவிட்டேன். இன்றைக்கு ஒரு கம்பெனியின் ஃபைனான்ஸ் முழுக்க என் தலையில். டை மட்டும் இன்னும் எனக்குச் சரியாகக் கட்ட வராது.

இப்போது என் மகளுக்கும் ஃபைனான்ஸ் ஆசை. இன்ஜினியரிங்கா, பி.பி.ஏ.வா என்று செல்போனைக் கேட்கிறாள். அது இரண்டுக்கும் மூச்சுவிடாமல் காரணம் அடுக்குகிறது... அவளை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. எங்கள் கிடாய் வாயே திறக்கவில்லை. ஆனால் பார்த்தது. அப்படி ஒரு பார்வை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யார் கொடுக்கிறார்கள்?

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், அப்பாவுக்கு அந்தக் கிடாயை விற்ற ரெட்டியார்சத்திரத்துக்காரரைப் பார்த்தேன். கதையை முழுதாகக் கேட்டவர், வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"அந்தக் கறுப்புக் கிடாயா? அதுக்குப் பொறவியிலேயே காது கேக்காதே, மாப்ள!"