ஈறு நிறத்தில் ஒரு கைப்பை

முதலில் இரண்டு கைகளையும் கழற்றித் தரையில் வைத்துவிடுவார். பிறகுதான் சட்டை. அதைத் தலைவழியே இறக்கி, தோளைச் சரிசெய்து, கழுத்துப்பட்டையை இரண்டு விரலால் நீவிவிட்டு, அதன்பிறகு சட்டைக் கைக்குள் பொம்மையின் கையை நுழைத்துத் தோளில் பொருத்திக் கால்வட்டம் திருகுவார். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். "வந்துட்டியாடி" என்பார் பொம்மையிடம். கடை திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும் காலை வேளையில், முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால், காலுறையோடு நின்று இருபத்திரண்டு வருடமாக அவர் செய்துவருவது இதுதான்.

கடையில் எல்லோருக்கும் அவர் பொம்மையக்கா. அவரைவிட ஐந்து வயது பெரியவரான மேலாளரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். குள்ளமான உருவம். கண்ணாடி எப்போதும் நெற்றியில் இருக்கும், எப்போதும் அதைத் தேடிக்கொண்டும் இருப்பார். வேலை நேரத்தில் வாயில் நாலு குண்டூசி கவ்வியிருப்பதால் உதட்டின் ஓரத்தால் பேசுவார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், இந்த அம்மா நம்மேல் ஏதோ கோபத்தில் இருக்கிறார் என்று ஒரு வாரமாவது பயந்துகொண்டிருப்பார்கள்.

நான் அதே கடையின் பின்பக்கத்தில், அளவு திருத்தும் அறையில் இருக்கிறேன். நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, வாங்கியவர் பெருத்துவிட்டால் பிடித்ததைத் தளர்த்துவது. பொம்மையக்கா என்னிடம் குண்டூசி வாங்க வருவார். ஒரு டப்பா போனால் அரை டப்பா திரும்பி வரும். மீதி எங்கே என்று கேட்டால், "அவளுங்க முதுகுல இருக்கு" என்பார். உண்மைதான். தெருவிலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்ததுபோல் நிற்கும் கவுன், உள்ளேயிருந்து பார்த்தால் முள்ளம்பன்றி.

அவருக்கு ஒரு விசித்திரமான பழக்கம். புதுத் துணி வந்ததும் பொம்மையை நடுவில் நிறுத்தி, எதிரே தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார். "இவ எங்க போறா?" என்று கேட்பார். என்னிடம் இல்லை, தன்னிடமும் இல்லை, பொதுவாகக் கேட்பார். பதில் கிடைக்கும்வரை ஒரு பொத்தான்கூடப் போட மாட்டார். ஒருமுறை கருநீலக் கவுன் ரகம் ஒன்று நாலு மாதமாக விற்காமல் கிடந்தது. அரை மணி நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கல்யாணத்துக்குப் போறா. ஆனா போக இஷ்டமில்ல. பழைய சிநேகிதி வருவா, பாக்கணும், அதான் போறா." பொம்மையின் குதிகால் உயர்ந்த செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டையான செருப்பு போட்டார். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். கவுன் ஒன்பது நாளில் தீர்ந்தது. மேலாளர் அதற்குக் காரணம் தள்ளுபடி என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினார். தள்ளுபடி எதுவும் கொடுக்கவில்லை என்பதை அவர் மறந்துவிட்டார்.

வீடு மூன்றாவது மாடி. மின்தூக்கி கிடையாது. கணவர் ரொட்டித் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட். இவர் ஏறும்போது அவர் இறங்குவார். "படிக்கட்டுலதான் குடும்பம் நடத்துறோம். சாவி இங்க, குழம்பு அடுப்புல, தண்ணி வரல. அவ்ளோதான் பேச்சு." ஒரே மகள் வேறு ஊரில் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவாள். அம்மாவின் முழங்காலைப் பற்றித்தான் பேச்சு முழுக்க.

அந்த வலது முழங்காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் கடையில் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி ஊழியர் யாரும் உட்காரக் கூடாது. ஆனால் கண்ணாடிக்குள் பொம்மையக்கா உட்காரலாம், தவழலாம், பொம்மையின் காலடியில் மல்லாந்து படுத்துப் பாவாடை விளிம்பைப் பார்க்கலாம். அது வேலை, கேட்பாரில்லை. கலை, ரசனை என்று அவரிடம் யாராவது ஆரம்பித்தால், "கலையாவது கத்தரிக்காயாவது. இந்தக் கடைல நான் உக்கார ஒரே எடம் இதான்" என்பார்.

இந்தக் கோடையின் தொடக்கத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து நாற்பது கைப்பைகள் வந்தன. எல்லாம் ஒரே நிறம். பெட்டியின்மேல் 'மென் இளஞ்சிவப்பு' என்று போட்டிருந்தது. பொம்மையக்கா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரிடம் நிறங்களுக்குத் தனி அகராதி உண்டு. 'ஆஸ்பத்திரிப் பச்சை' என்பார், 'ஊறின பிஸ்கட்' என்பார். இதற்கு மட்டும் பெயர் வரவில்லை. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். 'நல்ல ஆரோக்கியமான ஈறும்மா' என்று பதில் வந்தது. அன்றிலிருந்து எங்கள் கடையில் அது ஈறு நிறப் பை. விற்பனைப் பெண் ஒருத்தி வாய்தவறி ஒரு வாடிக்கையாளரிடமே அப்படிச் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் பையைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

பையோடு ஒரு தாளும் வந்தது. கோடை உடைகளோடு எப்படிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு. தாளைக் கொண்டுவந்த மேலாளர், "சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்லிடறேங்க்கா" என்று ஆரம்பித்தார். அவர் இப்படி ஆரம்பித்து நல்ல சேதி சொன்னதாகச் சரித்திரம் இல்லை. கிளைகளில் பொம்மைகளை எடுத்துவிட்டுக் கண்ணாடிக்குள் படம் ஓடும் பெரிய திரை வைக்கிறார்களாம். இரண்டு கிளையில் வைத்தாகிவிட்டதாம். தலைமை அலுவலகத்து மேற்பார்வை மேடம் அடுத்த வார வெள்ளிக்கிழமை வந்து எங்கள் முகப்பு ஜன்னலைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம்.

"நீங்க அசத்திட்டீங்கன்னா விட்டுடுவாங்க."

"இல்லன்னா?"

"மடிப்பு மேசைல ஆள் பத்தலங்க்கா."

மடிப்பு மேசை என்றால், வாடிக்கையாளர் கலைத்துப் போட்டதை மடித்து அடுக்கும் இடம். அடுக்க அடுக்கக் கலைப்பார்கள். ஒன்பது மணி நேரம் நின்றபடி. பொம்மையக்கா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த ஊசிப் பஞ்சில் குத்தினார். "சரி" என்றார். அவர் முழங்காலைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

தாள் சொன்னபடி முதல் நாள் வெள்ளைக் கவுன். பை பக்கத்தில் வந்ததும் வெள்ளை பளிச்சென்று ஆனது, பை அழுக்காகத் தெரிந்தது. இரண்டாம் நாள் மஞ்சள் பாவாடை. "பொறந்த நாள் கேக்கு. மெழுகுவத்தி ஒண்ணுதான் பாக்கி." மூன்றாம் நாள் பச்சை. நான் வாயைத் திறப்பதற்குள், "தெரியுது, தர்பூசணி, நீ வேற சொல்லாத" என்றார். நாலாம் நாள் பூப்போட்ட சட்டை. பை எங்கே இருக்கிறதென்று நாங்கள் இருவரும் தேடினோம்.

அன்று மதியம் என் அறையில் முக்காலியில் உட்கார்ந்து, காலை இன்னொரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டார். பை மடியில் இருந்தது. "இவ எங்க போறான்னே தெரியலப்பா. இந்தப் பைய மாட்டிக்கிட்டு ஒருத்தி பஸ்ல ஏறுவாளா? கம்பில ஒருவாட்டி உரசினா போச்சு. எங்க போனாலும் பைய பாத்துக்கறதே வேலையாயிரும்." கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

ஊசி கோர்த்துவிட்டு நிமிர்ந்தால், அவர் தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வழக்கமாகப் போடும் வேலைச் சட்டை நீலம். துவைத்துத் துவைத்து நீலம் என்பது வெறும் பேச்சுக்கு என்றாகிவிட்டது. அதன்மேல் அந்தப் பை, நாலு நாளில் முதல்முறையாக, நன்றாக இருந்தது. எனக்கே தெரிந்தது. சட்டையும் பையும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை.

"புதுசு பக்கத்துல புதுசு வச்சா ரெண்டும் சண்ட போடுது" என்றார். "அதான் விஷயம்."

ஆனால் கடையில் எங்கே போவது பழசுக்கு? தன் சட்டையை மாட்டலாமென்றால் பொம்மை அவரைவிட ஒரு முழம் உயரம். இங்கேதான் பொம்மையக்கா, துணிக்கடையில் பிறந்து வளர்ந்தவர்கள்கூடச் செய்யத் துணியாத ஒன்றைச் செய்தார். அலமாரியிலிருந்து புத்தம்புது நீலச் சட்டை ஒன்றை எடுத்து, என் அறைத் தொட்டியில் சலவைச் சோடா போட்டுத் துவைத்தார். மொட்டை மாடி வெயிலில் காயவைத்தார். மறுபடி துவைத்தார். நாலு நாளில் ஆறு தடவை. கடைச் சரக்கைத் துவைப்பது எங்கள் தொழிலில் மன்னிப்பே இல்லாத குற்றம். குற்றத்துக்குத் தொட்டி கொடுத்தவன் என்ற முறையில் நானும் உடந்தை.

பிறகு ஜன்னலில் ஒரு மர நாற்காலியைப் போட்டார். பொம்மைகளில் ஒன்றுக்குத்தான் இடுப்பு மடங்கும். அதை உட்காரவைத்தார். வெளுத்த நீலச் சட்டை, கை முழங்கைவரை மடித்தது. சாம்பல் நிறத்தில் தொளதொளத்த பேன்ட். ஒரு செருப்பு காலில், இன்னொன்று கழன்று பக்கத்தில். மடியில் அந்தப் பை. மற்ற இரண்டு பொம்மைகளையும் துணி போர்த்திக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்.

"இவ எங்க போறா?" என்று நான் கேட்டேன். ஒரு மாறுதலுக்கு.

"எங்கயும் போகல. வந்துட்டா. வீட்டுக்கு வந்து உக்காந்துட்டா. வெயில்ல அலைஞ்சு திரிஞ்சு, பையக்கூட எறக்கி வைக்கல, அவ்ளோ அசதி. கோடைன்னா எல்லாரும் கடக்கரைக்கா போறாங்க?"

திங்கட்கிழமை காலை முதல் தெருவில் போகிற பெண்கள் நிற்க ஆரம்பித்தார்கள். நின்றவர்கள் சிரிக்கவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார்கள். வேலைக்குப் போகிற அவசரத்தில் ஒருத்தி நின்று, கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு போனாள். மாலையில் உள்ளே வந்தார்கள். புதன்கிழமைக்குள் நாற்பதில் இருபத்தாறு பைகள் போய்விட்டன. வந்தவர்களில் பாதிப்பேர் பையோடு அந்தச் சட்டையையும் கேட்டார்கள். புதுச் சட்டையைக் காட்டினால், "இது இல்ல, அந்த வெளுத்தது" என்றார்கள். மேலாளர் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினார்.

"இது எந்தச் சரக்குங்க்கா?"

"நம்ம சரக்குதான். தொவைச்சேன்."

"கடைச் சரக்க தொவைச்சீங்களா?"

"ஆறு வாட்டி."

மேலாளர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். வாடிக்கையாளர் கண்ணில் படும்படி.

வெள்ளிக்கிழமை காலை மேற்பார்வை மேடம் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் இரண்டு போன், கண்ணுக்குக் கீழே கருவளையம். அந்த வாரத்தில் இது அவருக்கு ஐந்தாவது கிளை. தெருவில் நின்று ஜன்னலை வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, ஜன்னலின் பின்கதவைத் திறந்து தலையை நீட்டினார். பொம்மையக்கா தரையில் உட்கார்ந்து பேன்ட் விளிம்பில் பிரிந்த தையலைப் போட்டுக்கொண்டிருந்தார். குண்டூசி டப்பாவோடு நான் கதவருகே நின்றேன்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார் மேடம். மனசாரத்தான் சொன்னார். "எனக்கே அந்த நாற்காலில போய் உக்காரணும் போல இருக்கு. நீங்கதான் பண்ணீங்களா?"

"ஆமாங்க."

"இத அப்படியே படம் எடுத்து எல்லாக் கிளைத் திரைலயும் போட்டுடலாம். இந்தக் கோடை முழுக்க இதான் ஓடணும்."

மேலாளர் ஓரடி முன்னால் வந்தார். "அப்ப இங்க, மேடம்?"

"இங்கயும் திரைதான். அடுத்த வாரம் ஆளுங்க வருவாங்க. இவ்ளோ நல்ல படம் இருக்கும்போது ஒவ்வொரு கடைலயும் தனித்தனியா எதுக்கு?"

பொம்மையக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அப்ப நான் மடிப்புக்குப் போகணும்" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை. மேடம் மேலாளரைப் பார்த்தார், மேலாளர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன். என் வேலையும் அந்த மேடத்தின் பட்டியலில்தானே இருக்கிறது.

"நீங்க கொஞ்சம் வெளிய வந்துடுங்கம்மா, படத்துல விழுவீங்க" என்று சொல்லிவிட்டு மேடம் தெருவுக்குப் போனார்.

பொம்மையக்கா எழுந்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கண்ணாடியில் உள்ளங்கையை ஊன்றி, ஒரு மூச்சு இழுத்து, மெதுவாக நிமிர்ந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்கதவுப் படியில் இறங்கினார். இறங்கியதும் திரும்பிப் பார்த்தார். வெளியே மேடம் போனை உயர்த்திக்கொண்டிருந்தார். வெயில் நேராகக் கண்ணாடியில் விழுந்தது. பொம்மையின் மடிக்கு நேராக, பைக்குப் பக்கத்தில், ஐந்து விரலும் தெரிய ஒரு கைத்தடம்.

நான் அதைப் பார்த்தேன். இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்படியே எடுக்கட்டும், எல்லாக் கிளையிலும் ஓடட்டும்.

"ஒரு நிமிசம் நிக்கச் சொல்லு" என்றார் பொம்மையக்கா. மறுபடி படியேறினார். இந்தமுறை எதையும் பிடிக்கவில்லை, கண்ணாடியைத் தொடவில்லை. தடத்தின்மேல் வாயைக் குவித்து ஊதி, தன் சட்டை நுனியால் வட்டமாகத் துடைத்தார். தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்து, விட்டுப்போன ஒரு விரலையும் துடைத்தார். அதற்குமேல் இறங்கி வர முழங்காலால் முடியவில்லை. அங்கேயே, கண்ணாடிக்கு அடியிலுள்ள குட்டைச் சுவரின் மறைவில் உட்கார்ந்து, முடி தெரிந்துவிடக் கூடாதென்று தலையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப எடுக்கச் சொல்லு" என்றார்.