சவரிமுத்து ரிக்கார்டு வாங்கியதற்கான காரணம்

சவரிமுத்துவின் பாட்டு ரிக்கார்டுகளை எடுத்துப் பொம்மைகளுக்கு அடித்தட்டாக வைத்தது தவறு. அடக்கம் முடிந்து ஒன்பது நாள்கூட ஆகாத நிலையில் அதைச் செய்தது இன்னும் பெரிய தவறு. செய்தவன் அவனுடைய மைத்துனன் ஞானப்பிரகாசம். எடுத்துக் கொடுத்தவள் சவரிமுத்துவின் மனைவி ஆரோக்கியமேரி. இவர்கள் இருவரையும் விடக் குற்றம் அதிகமுள்ளவன் ஒருவன் இருக்கிறான். அவனைப் பற்றியும் எழுதுகிறேன். யார் மனமும் நோகாமல் எழுத எனக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் பேப்பரைப் பிரித்துப் படித்துத்தான் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டேன்.

செய்தி வந்தபோது கருவேப்பிலங்குறிச்சியில் மகள் வீட்டில் இருந்தேன். மருமகனின் செல்போனுக்கு விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையிலிருந்து அழைத்தார்கள். “பால் மில்லு சவரிமுத்து போயிட்டாரு. கோயிந்தண்ணங்கிட்டச் சொல்லிடுங்க” என்றார்களாம். மருமகன் சொன்னதும் நான் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். விருத்தாசலம் வந்து இறங்கும் வரை ஒரே ஒரு எண்ணம்தான். இனி அந்த விஷயம் என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

சவரிமுத்து என்னைவிட எட்டு வயது இளையவன். அதனால் அவன் என்றே எழுதுகிறேன். வெளியூர்க்காரர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அவன் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பால் மில் என்பது ஆள் உயரத்துக்கு இருக்கும் இரும்பு உருளை. உள்ளே கூழாங்கல்லும் மண்ணும் தண்ணீரும் போட்டு மூடிச் சுற்றவிட்டால், கல் உருண்டு உருண்டு மண்ணை மாவாக அரைக்கும். அரைந்தது போதுமா என்று அடிக்கடி திறந்து பார்க்க முடியாது. சத்தத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். முதலில் கடகடவென்று இருப்பது, மண் நைந்த பிறகு கனத்து மந்தமாகிவிடும். அந்த நேரத்தைச் சவரிமுத்து அளவுக்குச் சரியாகச் சொன்னவர்கள் நம் பேட்டையில் கிடையாது. இருபத்திரண்டு வருடம் அந்த உருளையின் பக்கத்திலேயே நின்றான்.

நான் அச்சுக்காரன். பொம்மைக்கும் பியூஸ் கட்டைக்கும் பிளாஸ்டர் அச்சு ஊற்றுவது என் வேலை. ஒரு நாள் காலை, ஈரம் வற்றாத பெரிய அச்சு ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு மில் பக்கமாகப் போனேன். கரண்ட் இல்லாததால் எல்லா இயந்திரமும் நின்றிருந்தது. சவரிமுத்துவுக்கு மூன்று அடி பின்னால் கை நழுவி அச்சைக் கீழே போட்டுவிட்டேன். தரை அதிர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவன் கோணி மூட்டைகளின் மேல் கால் வைத்து நின்றிருந்தான். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அவன் திரும்பவில்லை. பீடி பற்றவைக்கும் ஆளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றான்.

டீக்கடைக்கு அழைத்துப் போய் அவன் முகத்துக்கு நேராக நின்று கேட்டேன்.

“எத்தன நாளாடா?”

“மூணு வருசம் இருக்கும்ண்ண. மொதல்ல குருவி சத்தம் போச்சு. அப்புறம் பொம்பளைங்க கொரலு. இப்ப நீங்க பேசறதே வாயப் பாத்துத்தான் புரியுது.”

“அப்ப மில்லு ஆயிடுச்சின்னு எப்பிடிச் சொல்ற?”

வலக் கையை விரித்துக் காட்டினான். “ஸ்டேண்டு மேல இத வெப்பேன். கல்லு உருள்றது உள்ளங்கையில வரும். இது வரைக்கும் தப்புனது இல்ல.”

பிறகு டீயைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தான். “யாருகிட்டயும் சொல்லாதீங்கண்ண. சத்தம் கேக்காதவன மில்லுல எவன் வெச்சிக்குவான்? மேரிக்கும் தெரியக் கூடாது. அவ தம்பிகிட்டச் சொல்லுவா, அவன் மொதலாளிகிட்டச் சொல்லுவான்.” ஞானப்பிரகாசம் அந்த முதலாளிக்குத்தான் பொம்மை வர்ணம் பூசிக் கொடுக்கிறான். சவரிமுத்துவின் பயம் நியாயமானது. நான் சத்தியம் செய்தேன்.

ரிக்கார்டு வந்தது இதற்கு அப்புறம்தான். இந்த வரிசையை எல்லோரும் மனத்தில் வையுங்கள். முதலில் காது போனது. பிறகுதான் ரிக்கார்டு வந்தது.

மங்கலம்பேட்டை ஜாபர் பாய் சார்ஜாவில் வேலை பார்ப்பவர். அங்கே மூடிப்போன ஒரு ஓட்டலின் சாமான்களை ஏலத்தில் எடுத்தபோது, ரிக்கார்டு பாடும் பெட்டியும் பெரிய மர ஸ்பீக்கரும் கொஞ்சம் ரிக்கார்டுகளும் சேர்ந்து வந்தன. அவர் மகள் கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். பிரியாணிப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, வீட்டுப் பையன்கள் ஒரு ரிக்கார்டைப் போட்டார்கள். தம்ளரில் இருந்த தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. சவரிமுத்து சோற்றுக் கையோடு எழுந்து போய் ஸ்பீக்கரின் மேல் இடக் கையை வைத்தான். இலையில் சோறு ஆறிப் போனது. அவன் வரவில்லை.

“பாய், இது என்னா பாட்டு?”

“பாட்டா இது? அமெரிக்காவுல கறுப்பருங்க பாடறது. ஹிப் ஹாப்புன்னு சொல்றாங்க. பாடக்கூட இல்ல, சும்மா பேசறாங்க.”

“பேசட்டும் பாய். அடிக்கறது எனக்கு வருது.”

பெட்டியையும் ஸ்பீக்கரையும் ஜாபர் பாய் தவணையில் கொடுத்தார். அதிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் இரண்டு மூன்று ரிக்கார்டு வாங்கி வந்தார். ஒன்றின் விலை சவரிமுத்துவின் எட்டு நாள் கூலி. சிலவற்றுக்குப் பத்து நாள் கூலி. இந்தக் கணக்கு நம் பேட்டை முழுக்கத் தெரியும். கல்லாவில் உட்கார்ந்திருந்த ஆள் முதல் சூளைக்கு விறகு போடுகிறவர் வரை அதைச் சொல்லிச் சிரித்தார்கள். “கேசட்டு வாங்கித் தொலையேன்டா, முப்பது ரூவாதான்” என்று நானே திட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வேட்டியில் துடைக்காமல் காற்றில் உலரவைத்து, ஒரு ரிக்கார்டை ஓரத்தில் பிடித்து வெயிலுக்குச் சாய்த்தான்.

“கோடு தெரியுதா? நெருக்கமா இருக்குது பாருங்க, அங்க பேச்சு. அகலமா தெறந்து வளைஞ்சி இருக்குது பாருங்க, அங்க அடி. இந்தப் பக்கம் முழுக்க ஒரே பாட்டுண்ண. எடத்த தாராளமா குடுத்தாத்தான் கோடு அகலமா வரும், அடி பலமா உழும். அதுக்குத்தான் இந்த வெல. கேசட்டுல எங்க கோடு இருக்குது? சி.டி.ல எங்க இருக்குது?”

“அவங்க என்னா பேசறாங்க?”

“தெரியாது. ஆனா கோவமா இருக்காங்க. அது கையில வருது.”

பெட்டியை ஓட்டி, என் கையை ஸ்பீக்கர் பலகையில் வைத்தான். மில் ஸ்டேண்டில் வருவதுபோலத்தான் வந்தது. ஆனால் மில்லுக்கு ஒரே நடை. இது நின்றது, தடுக்கியது, மறுபடி எழுந்து வந்தது. அவன் கண்ணை மூடி ஒவ்வொரு அடிக்கும் தலையை அசைத்தான். ஒன்றைக்கூட அவன் தவறவிடவில்லை.

அப்போது மேரி அடுப்படியிலிருந்து வந்தாள். “நான் வாயி கிழியக் கூப்ட்டாலும் இந்த மனுசனுக்குக் கேக்காது. அந்தக் கருப்புத் தட்டு மட்டும் நல்லாக் கேக்குது. நீங்களே பாருங்கண்ண இந்த நாயத்த” என்றாள். அவன் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவள் பேசியதே தெரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தான். பிள்ளை இல்லாத வீடு அது. அவளுக்குப் பதில் சொல்ல அவனைத் தவிர வேறு ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் உண்மையை நான் சொல்லவில்லை.

கோவில் பாடகர் குழுவிலும் இதே கதைதான். பதினைந்து வருடம் அங்கே பாடியவன் திடீரென்று நின்றுவிட்டான். “வெளிநாட்டுப் பாட்டு வந்ததும் சாமி பாட்டு கசந்துடுச்சி” என்று குழுத் தலைவர் ஊர் முழுக்கச் சொன்னார். ஆர்மோனியம் கேட்காதவன் எப்படிச் சுருதி சேர்ப்பான்? தப்பாகப் பாடி மற்றவர்களைக் கெடுக்கக் கூடாது என்று ஒதுங்கினான். கடைசியாகப் பாடிய அன்று, பக்கத்தில் இருந்தவரின் தொண்டையைப் பார்த்துக்கொண்டே பாடியதாக என்னிடம் சொன்னான். ரிக்கார்டு அவன் வீட்டுக்கு வந்தது அதற்கு ஒரு வருடம் கழித்து.

இனி விலைக்கு வருகிறேன். வீட்டுச் சோற்றில் கை வைத்து ரிக்கார்டு வாங்கினான் என்று சொல்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். வாரக் கூலியைப் பிரிக்காமல் மேரியிடம் கொடுத்தான். ரிக்கார்டுக்கான காசு வேறு. மாதத்தில் இரண்டு ஞாயிறு, மில்லை நிறுத்திவிட்டு, அந்தச் சின்ன வாய் வழியாக உருளைக்குள் இறங்கி, பக்கங்களில் காய்ந்த மண்ணைக் கொத்தி எடுக்க வேண்டும். வேறு யாரும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. தனிக் கூலிக்கு இவன் ஒத்துக்கொண்டான். “சம்பளம் வூட்டுக்குண்ண. உள்ள எறங்கறது மட்டும் எனக்கு” என்பான். வெளியே வரும்போது கண் இமை வரை வெள்ளையாக இருப்பான்.

அந்தத் தூசிதான் அவன் நெஞ்சை அடைத்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. இருமல் வந்த முதல் வருடமே சொன்னேன்: “உள்ள எறங்காத. ரிக்கார்டு போனாப் போவுது.” அவன் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

“ஒரு சூளைக்கு எத்தன பீஸு கீறல் உழுது? கொட்டிட்டு அடுத்ததப் போடறாங்க. எவனாச்சும் கேக்கறானா? நான் வாங்குனதுல ஒண்ணுகூட ஒடையல. என்னையத்தான் எல்லாரும் கேக்கறீங்க. எனக்கு இந்த ஒலகத்துல மிச்சம் இருக்கற சத்தம் இது ஒண்ணுதான்ண்ண.”

விலை அதிகம். பணமாகப் பார்த்தாலும் அதிகம், மூச்சாகப் பார்த்தாலும் அதிகம். ஆனால் அதிகம் என்று சொல்லும் உரிமை, கேட்கிற காது உள்ளவர்களுக்குக் கிடையாது.

அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள் ஞானப்பிரகாசத்தின் கொட்டகைக்குப் போனேன். வர்ணம் பூசுகிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு சுற்று மேடையிலும் ஒரு ரிக்கார்டு. அதன் மேல் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு சொட்டச் சொட்ட ஒரு பொம்மை.

“என்னாடா இது?”

“தட்டுண்ண. பலகைன்னா ஈரத்துல உப்பிக்குது. இது உப்பறது இல்ல. நடுவுல ஓட்டையும் இருக்குது, மேடை ஆணியில கச்சிதமா உக்காருது. மாமா வாங்குனதுலயே இப்பத்தான் ஒரு பிரயோசனம்.”

ஒரு பெண், “இது மேல வெச்சா புள்ளையாரே ஆடறாருண்ண” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒன்றைத் தூக்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். கிளேஸ் மணல் தேய்த்து, அகலக் கோடும் நெருக்கக் கோடும் ஒன்றாகப் போயிருந்தன. அவன் வீட்டில் இருந்த நாற்பத்து மூன்றில் அங்கே முழுசாக இருந்தது பத்தொன்பது. மீதியைச் சின்னதாக வெட்டிக் கப்புகளுக்கு அடியில் வைத்திருந்தார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பிடும்போது ஞானப்பிரகாசம் எல்லோர் முன்னாலும் சொன்னான்: “அந்தக் காசுல ரெண்டு தடவ புதுச்சேரி போயி நெஞ்சுக்குப் பாத்திருந்தா மாமா இன்னிக்கி உக்காந்திருப்பாரு.” மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆமாம் என்பதுபோல எல்லோரும் தலையாட்டினார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்தவனுக்குச் செய்த சத்தியத்தைக் காப்பாற்றினேன். அவன் வேலை போய்விடுமே என்று செய்த சத்தியம் அது. வேலையே இல்லாமல் போனவனுக்கு அதை எதற்காகக் காப்பாற்றினேன்? முதலில் நான் சொன்ன, குற்றம் அதிகமுள்ள அந்த ஆள் நான்தான். அவனை அடக்கம் செய்த அன்றே வாயைத் திறந்திருந்தால், மேரி அந்த ரிக்கார்டுகளைத் தூக்கிக் கொடுத்திருக்க மாட்டாள்.

அவனிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு ரிக்கார்டு. என் வீட்டில் பாடும் பெட்டி கிடையாது என்று தெரிந்தே கொடுத்தான். “சும்மா கோட்டப் பாருங்கண்ண” என்றான். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

இனி ஆக வேண்டியது.

ஞானப்பிரகாசம் அந்தப் பத்தொன்பதையும் இந்த வாரமே பொம்மைகளுக்கு அடியிலிருந்து எடுக்க வேண்டும். சுரண்டாமல், தண்ணீரில் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியால் துடைத்து, அக்கா வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். இனி பாடுமா என்று கேட்காதே. பாடாவிட்டாலும் வை.

முதலாளி, இப்போது மில்லில் நிற்கிற இரண்டு பேருக்கும் காதுக்கு அடைப்பும் மூக்குக்குக் கவசமும் வாங்கித் தர வேண்டும். காது கேட்கவில்லை என்று ஒருவன் சொன்னால் அவனை வேலையை விட்டு அனுப்பாமல் வேறு இடத்தில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யாரையும் உருளைக்குள் இறக்கக் கூடாது.

பாடகர் குழுத் தலைவர், சவரிமுத்து ஏன் நின்றான் என்பதை வரும் ஞாயிறு குழுவின் முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும்.

மேரி அந்தப் பாடும் பெட்டியையும் ஸ்பீக்கரையும் ஜாபர் பாயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பாய் அதை விற்கக் கூடாது. ஊசி தேய்ந்திருந்தால் மாற்றி, அதே வீட்டில், அதே சுவரோரம் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

மிச்சம் நான். என்னிடம் இருக்கும் ரிக்கார்டை நான் அங்கே எடுத்துப் போக வேண்டும். மேரியிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவள் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு அவள் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, அவள் வலக் கையை ஸ்பீக்கர் பலகையின் மேல் வைக்கச் சொல்லி, பெட்டியை ஓட்ட வேண்டும். ஒரு பக்கம் முடியும் வரை யாரும் பேசக் கூடாது.

முடிந்ததும் அவள் சொல்லட்டும், விலை அதிகமா இல்லையா என்று. அவள் சொன்னால் ஏற்றுக்கொள்வேன். வேறு எவர் சொன்னாலும் ஏற்க மாட்டேன்.