இரண்டாவது டைரக்டர்

பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு டைரக்டர்கள் வேண்டும் என்பது 2005-இல்தான் எனக்குத் தெரியவந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கடலூரிலிருந்து சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார்.

"பேருக்குத்தாம்மா. வேற யாரப் போடறது? உங்க அண்ணிக்குக் கையெழுத்து போடவே பயம்."

நான் தனியார் மெட்ரிக் பள்ளி ஒன்றில் இயற்பியல் டீச்சர். அப்பா இறந்த பிறகு என்னை பி.எட். வரை படிக்க வைத்தவர் அண்ணன். அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். என் கணவர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இதுல எதுவும் வில்லங்கம் வராதுல்ல மச்சான்?"

"கம்பெனி வேற, நாம வேற மாப்ள. அதுக்குத்தான லிமிடெட்னு பேரு" என்றார் அண்ணன். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவரும் நம்பியிருந்தார்.

கடலூரில் ரசாயனக் கம்பெனிகளுக்கு பிளாஸ்டிக் கேன் செய்து தரும் தொழில். இரண்டு மெஷின், முப்பது பேர் வேலை. வருடத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜைக்கு மட்டும் நான் போவேன். எனக்கு நாற்காலி போட்டு, முதல் பொரிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "டைரக்டர் மேடம்" என்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மற்ற நாட்களில் அண்ணன் ஆள் மூலம் ஒரு ஃபைல் அனுப்புவார். பள்ளியில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, விடைத்தாள்களுக்கு நடுவே கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவேன். பிள்ளைகளிடம் கேள்வியை முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள் என்று தினமும் சொல்கிறவள், அந்தக் காகிதங்களில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

2008-க்குப் பிறகு மின்வெட்டு ஜாஸ்தியானது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கேன் வாங்குவதை நிறுத்தினார். அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது. வேலை நெருக்கடி என்று நினைத்துக்கொண்டேன்.

2010-இல் ஒரு நாள் பள்ளி முகவரிக்கு என் பேரில் பதிவுத் தபால் வந்தது. தலைமை ஆசிரியை கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். கேன் செய்ய பிளாஸ்டிக் குருணை சப்ளை செய்தவர், பாக்கி வரவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார். கம்பெனியைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதன் சொத்தெல்லாம் இனி அரசு நியமித்த கலைப்பு அதிகாரியின் பொறுப்பு. கம்பெனிக்கு என்ன இருக்கிறது, யாருக்கு என்ன பாக்கி என்று டைரக்டர்கள் இருபத்தொரு நாளுக்குள் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால் அபராதம், சிறை. என் பெயரும் அப்பா பெயரும் எழுத்துப் பிழையில்லாமல் அச்சாகியிருந்தன. நின்றபடியே மூன்று முறை படித்தேன். அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன்.

அண்ணன் பட்டப்பகலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"பத்து நாளா இப்புடித்தான் கெடக்கறாரு. குளிக்கறதுமில்ல, பேசறதுமில்ல" என்றாள் அண்ணி. தொழிற்சாலைக் கதவுக்கு சீல் வைத்த அன்றிலிருந்து இப்படியாம்.

"நீ ஒண்ணும் பண்ணாதம்மா. நான் பாத்துக்கறேன்" என்றார் அண்ணன், திரும்பாமலேயே.

அவர் பார்த்துக்கொள்ளவில்லை. நான்தான் விடுமுறை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக் கூடத்தில் பேரேடுகளைப் பரப்பி உட்கார்ந்தேன். நான்காவது நாள் சம்பளப் பதிவேட்டைப் புரட்டும்போது அது கண்ணில் பட்டது. ஒவ்வொரு மாதமும் தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து பி.எஃப். பணம் பிடித்திருந்தார்கள். கடைசிப் பதினான்கு மாதங்களுக்கு அதைக் கட்டிய ரசீது இல்லை. எல்லாக் கட்டையும் பிரித்துத் தேடினேன். ரசீது கிடைக்கவில்லை, கூட்ட நடவடிக்கைப் புத்தகம் கிடைத்தது. 'மின் கட்டணத்தை முதலில் கட்டுவது, பி.எஃப். தொகையைப் பிறகு செலுத்துவது என ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது. இரு டைரக்டர்களும் கலந்துகொண்டனர்.' கூட்டம் நடந்ததாக எழுதியிருந்த நாளில் நான் பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்காக ஆய்வகத்தில் இருந்தேன். ஆனால் கீழே இருந்தது என் கையெழுத்து.

"ஆளுங்க பணத்த எடுத்தீங்களாண்ணா?"

அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார். "எடுக்கலம்மா. கரண்ட கட் பண்ணிட்டான்னா மறுநாளே அவுங்களுக்கு வேல இல்ல. அடுத்த ஆர்டர் வந்ததும் கட்டிடலாம்னு இருந்தேன்." கண் கலங்கியிருந்தது. நான் நம்பினேன். கோபப்படவாவது ஒரு திருடன் கிடைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

அந்த வாரத்திலேயே சிதம்பரத்தில் என் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். ஊர் புவனகிரி. கடைசி ஒரு வருடமாகக் கேன்களின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தியால் சீவும் வேலை பார்த்தவர். முகம் ஞாபகம் இருந்தது.

"எங்க வூட்டுக்காரருக்கு வயித்துல ஆபரேசன் பண்ணணுங்கறாங்க டீச்சர். பி.எஃப்.ல மருத்துவச் செலவுக்குக் குடுப்பாங்கன்னு எழுதிப் போட்டேன். கட்டவே இல்லியே, எப்புடி குடுக்கறதுங்கறாங்க. எங்கிட்ட மாசாமாசம் புடிச்சாங்களே டீச்சர்."

"எனக்கே இப்பத்தாங்க தெரியும்."

"நீங்கதான ரெண்டாவது டைரக்டருன்னு அங்க சொன்னாங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. "அவுங்கள கேளுன்னாங்க. அதான் வந்தேன்."

வீட்டில் இருந்த பணத்தைக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் எண்ணிப் பார்க்காமல் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். ஆபரேஷனுக்கு அது எந்த மூலைக்கும் பத்தாது என்பது இருவருக்கும் தெரிந்தது.

அதன் பிறகு நான் செய்ததை எழுதாமல் விட முடியாது. கம்பெனிக்கு ஆடிட்டராக இருந்தவரைக் கடலூரில் போய்ப் பார்த்தேன். அவர் ஒரு வழி சொன்னார். "ரெண்டு வருசத்துக்கு முந்தின தேதி போட்டு, டைரக்டர் பதவியிலேருந்து விலகிட்டதா ஒரு லெட்டர் எழுதுங்க. அண்ணன் வாங்கிக்கிட்டதா கையெழுத்து போடட்டும். பி.எஃப். கட்டாத காலத்துல நீங்க இல்லன்னு ஆயிடும்."

விஷயத்தைச் சொன்னதும் படுக்கையில் கிடந்த அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "எழுதும்மா. எல்லாம் என் தலையோட போவட்டும்." அவரே பேனா தேடி எடுத்துக் கொடுத்தார். புவனகிரிப் பெண்ணின் முகம் மனதில் இருக்கும்போதுதான் எழுதினேன்.

மறுநாள் கடிதத்தோடு போனேன். ஆடிட்டர் பழைய ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். "போன வருசத்து பேலன்ஸ் ஷீட்லயும் உங்க கையெழுத்து இருக்கே மேடம்."

"அத மட்டும் கிழிச்சிடலாமா சார்?"

கேட்டது நான்தான். காப்பியடித்த பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இதோட நகல் கவர்மென்டுக்குப் போயி ஒரு வருசம் ஆவுது மேடம்."

கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நேர்மையால் அந்தப் பொய்யை நான் விடவில்லை. செல்லுபடியாகாது என்றுதான் விட்டேன்.

இருபத்தொரு நாள் கெடுவின் கடைசி நாளன்று சென்னையில் அறிக்கையைக் கொடுத்தோம். எழுந்து நடக்கவே தடுமாறிய அண்ணனை என் கணவர் தோளைப் பிடித்து அழைத்து வந்தார். கலைப்பு அலுவலகத்தில் ஓர் அதிகாரி என்னிடம் கேட்டார். "கம்பெனில நீங்க என்ன பாத்துக்கிட்டீங்க?"

"எதையும் பாக்கல சார்."

"அதுதாம்மா பிரச்சினையே. பாக்கறதுக்குத்தான் டைரக்டர்."

அடுத்து பி.எஃப். அலுவலகம் போலீசில் புகார் கொடுத்தது. முன்ஜாமீன் கிடைத்தது. தினமும் காலையில் கடலூர் காவல் நிலையத்தில் ஆஜராகிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. முதல் பஸ் பிடித்துப் போய்விட்டுத் திரும்பினால் இரண்டாவது பீரியட் முடிந்திருக்கும். மூன்றாவது வாரம் பள்ளியில் காரணம் கேட்டார்கள். சொன்னேன். ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள். அந்தக் கடிதத்தில் சரியான தேதியைத்தான் போட்டேன்.

கம்பெனிக் கடனுக்கு வங்கியில் ஜாமீனாக வைத்திருந்த அண்ணனின் வீடு போயிற்று. நானும் கணவரும் வடலூரில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றோம், நகைகளை விற்றோம். கட்டாத பி.எஃப். பணம் முழுவதையும் கட்டி முடிக்க ஒரு வருடம் ஆயிற்று. 2011 டிசம்பரில் அடித்த புயலில் தொழிற்சாலைக் கூரை பறந்து மெஷின்கள் மழையில் நனைந்தன. சீல் வைத்த இடம் என்பதால் எங்களால் உள்ளே போய் ஒரு தார்ப்பாய் போடக்கூட முடியவில்லை. ஏலத்தில் அவை இரும்பு விலைக்குத்தான் போயின.

2012-இல் வழக்கு முடிவுக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டோம். பணம் கட்டிவிட்டதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அபராதமும், நீதிமன்றம் கலையும் வரை அங்கேயே இருக்க வேண்டும் என்ற தண்டனையும் கொடுத்தார் நீதிபதி. சாயங்காலம் வரை நானும் அண்ணனும் பின்பக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் ஒரே ஒரு முறை வாய் திறந்தார். "உன்னையும் இதுல இழுத்துட்டேன்." ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

வெளியே வந்தபோது அந்தப் புவனகிரிப் பெண் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். சாட்சி சொல்ல வரச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் ஒப்புக்கொண்டதால் அவரைக் கூப்பிடவில்லை.

"பணம் வந்திச்சி டீச்சர்" என்றார். "அவரு போயி அஞ்சு மாசம் கழிச்சி வந்திச்சி."

அவர் கணவர் இறந்தது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"உங்க மேல கோவம் இல்லன்னு சொல்லிட்டுப் போலாம்னுதான் நின்னேன்" என்றார் அவர். "ஆனா இருக்கு டீச்சர்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் நிலையத்தின் பக்கம் நடந்தார். நானும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அவர் ஏறிய பஸ் கிளம்பிப் போகும் வரை நீதிமன்றச் சுவரோரம் நின்றுவிட்டு, பிறகு போனேன்.