தகரத்துக்குக் கீழே ஒரு மத்தியானம்

அப்போது எங்கள் வீடு காசிமேட்டில், கடலிலிருந்து கூப்பிடுகிற தூரத்தில் இருந்தது. மண்சுவர், ஓலைக்கூரை. நான் துறைமுகத்தில் கப்பலுக்குத் துரு தட்டுகிறவன். கப்பலின் பக்கத்தில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு, சுத்தியால் துருவைத் தட்டி உதிர்த்துவிட்டு, அந்த இடத்தில் பெயிண்ட் அடிக்க வேண்டும். பகல் முழுக்க இரும்போடுதான் பழக்கம், யாரோடும் பேச வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூசுவேன். அதனால் அந்த வேலை எனக்கு ஒத்துப்போனது.

உலகச் சண்டை முடிந்த பிறகு வந்த ஒரு சித்திரையில் எங்கள் வீட்டுக்குப் பின்வரிசைக் குடிசைகள் எரிந்தன. எங்கோ கிளம்பிய பொறி கூரைக்குக் கூரை தாவியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் மனைவி ஏழு மாதத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணல்வரைக்கும் ஓடினாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டான பிள்ளை அது.

திருவொற்றியூரில் தாய்வீட்டில் அவளுக்குப் பெண் பிறந்தது. போய்ப் பார்த்தேன். என் சுத்திப் பிடியைவிடச் சின்னக் கை.

"மூணாம் மாசம் வந்து இட்டுக்கினு போறேன்" என்றேன்.

"ஓலைக்குக் கீய கொயந்தையப் போட மாட்டேன். தகரம் போடு, வரேன்."

"தகரம் சுடுமே."

"எரிஞ்சாலும் வர மாட்டேன், சுட்டாலும் வர மாட்டேன்" என்றாள் அவள். மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

நடந்தே வீடு திரும்பினேன். ஓலை எரியும், தகரம் கொதிக்கும். போதாததற்கு, உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று தினமும் பார்க்கிறவன் நான். ஆனாலும் அந்தக் கையை நினைத்தால் கால் தானாக வேகமெடுத்தது.

ராயபுரத்தில் ஒரு காயலான் கடை பாய், பட்டாளத்துக் கொட்டகைகளைப் பிரித்த நெளி தகரங்களை அடுக்கி வைத்திருந்தார். மூன்று நாள் அந்தக் கடையைத் தாண்டித் தாண்டிப் போனேன். நாலாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"இன்னா நைனா, தெனம் வந்து பாத்துக்கினு போற. பொண்ணு பாக்க வந்தியா?"

வீட்டுக் கதையைச் சொன்னேன். ரெண்டு தகரத்தைத் தூக்கிக் கொடுத்து, "வச்சுப் பாரு. புடிக்கலன்னா திருப்பிக் குடு" என்றார்.

எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். கப்பலின் கீழ்ப்பாகத்துக்குப் பூசுவதுபோல ஒரு தகரத்துக்குக் கறுகறுவென்று தார்க்கீல் பூசினேன். இனி துருவுக்கு வேலையில்லை என்று எனக்கு ஒரே பெருமை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டுக்குப் பக்கத்தில் நாலு மூங்கில் நட்டு அதன்மேல் அந்தத் தகரத்தைக் கட்டினேன். சட்டையைக் கழற்றிவிட்டு, கைக்குழந்தையைப்போல மல்லாந்து கீழே படுத்தேன்.

எதிர்வீட்டு வலைக்காரர் எட்டிப் பார்த்தார். "மாமு, வூடு கட்றியா, கப்பல் கட்றியா? உள்ள இன்னா, கருவாடா?"

கருவாடுதான். கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டியது, முதுகுக்குக் கீழே மணல் நனைந்தது. என் பெண்ணை இதற்குக் கீழே ஒரு நாழிகைகூடப் போட முடியாது. எழுந்து தகரத்தை அவிழ்த்துப் பாயிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீலப் பூசிட்டியே நைனா. நிக்கா முடிஞ்சி போச்சு. இனி இது ஒன்னுது."

மறுநாள் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தேன். வெயில் ஏற ஏறக் கப்பலின் கறுப்பு வயிறு என் முழங்காலைச் சுட்டது. வெளியே சுடுகிறதே, உள்ளே எப்படி ஆட்கள் படுக்கிறார்கள் என்று அண்ணாந்து பார்த்தேன். மேல்தட்டில் கப்பல்காரர்கள் தங்கும் அறைகள் வரிசையாக இருந்தன. எல்லாம் வெள்ளை. இத்தனை வருஷமாக நானே அடித்த வெள்ளை. கீழே தண்ணீரும் சரக்கும் இருக்கிற இடம் கறுப்பு, ஆள் இருக்கிற இடம் வெள்ளை. சுவர் ஓரத்தில் காற்று போக இடைவெளி வேறு. சுத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு பலகையிலிருந்து ஏறினேன்.

சாப்பாட்டு வேளைக்கு முன்பே மேஸ்திரியிடம் போய், தூக்கிப் போடப்போகிற வெள்ளை பெயிண்ட் டப்பாக்களின் அடிவண்டலைக் கேட்டேன்.

"அட, ஒனக்கு வாய் கீதா?" என்றார் அவர். "இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான் கேக்குறேன். எடுத்துக்க, போ."

அன்று சாயங்காலமே இரண்டாவது தகரத்துக்கு வெள்ளை அடித்தேன். அடுத்த ஞாயிறு அதன் கீழே மல்லாந்தேன். சூடு இருந்தது, ஆனால் தாங்கக்கூடிய சூடு. மூங்கிலுக்கு நடுவே ஓலைக்கீற்றை உயர்த்திப் பிடித்துத் தகரத்துக்கு அடியில் கொடுத்துப் பார்த்தேன். சூடு இன்னும் இறங்கியது. ஆனால் ஓலை வேண்டாம் என்பது அவள் பேச்சு. எடுத்துவிட்டேன். அதற்குப் பதில், வீட்டுக்குத் தகரம் ஏற்றும்போது சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் விட்டேன். கடல்காற்று அதன் வழியாக நேராக வந்தது.

பாயிடமே மீதித் தகரத்தையும் வாங்கி, உள்ளும் புறமும் வெள்ளை அடித்தேன்; மாதக் கடைசிக்குள் வீடு முழுக்கத் தகரம் ஏறிவிட்டது. ஆணியை நெளியின் மேட்டில் அடித்தேன். பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். கீல் பூசின தகரம் வெளியே அடுப்பங்கரைக்குக் கூரையானது.

புரட்டாசியில் ஆள் அனுப்பினேன். வெயில் தாழ்ந்து வரச் சொல்லியிருந்தேன். அவளோ உச்சிவேளைக்கு வந்து இறங்கினாள், வேண்டுமென்றே. நேராக உள்ளே போய் நடுவீட்டில் குழந்தையோடு உட்கார்ந்தாள். நான் வாசற்படியிலேயே நின்றேன். காது சூடேறிப்போனது. பெண் பார்க்கப் போன அன்றுகூட எனக்கு அப்படி இல்லை.

அவள் குழந்தையின் கழுத்தடியில் கையை வைத்து வியர்வை இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு அந்த ஒரு சாண் இடைவெளியைப் பார்த்தாள். அங்கே வானம் தெரிந்தது.

"மய பேஞ்சா சத்தம் போடுமே" என்றாள்.

"போடும்" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"போடட்டும். நெருப்பு வந்த அன்னிக்கு ஒரு சத்தமும் கேக்கல."

குழந்தை கையைக் காலை உதைத்துக்கொண்டு மேலே வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அண்ணாந்து உத்தரத்தை ஒருமுறை அளந்தாள்.

"தூளி கட்டக் கயிறு கீதா?" என்றாள்.

துறைமுகத்துக்காரன் வீட்டில் கயிறு இல்லாமலா? மூன்று மாதமாகச் சுருட்டி வைத்திருந்ததை எடுக்க உள்ளே ஓடினேன்.