மதிப்பெண் இல்லாத முதல் கேள்வி

தர்மலிங்கம் சார் இறந்த செய்தி போர்ட் பிளேர் பஜாருக்கு வந்த அன்றே மூன்று விதமாகிவிட்டது. தந்தி காதர் பாயின் மளிகைக் கடைக்குத்தான் வந்தது. கடையில் நின்றவர்கள் மாரடைப்பு என்றார்கள். தபாலாபீஸ் வாசலில் ஒருவர், திருச்செந்தூர் போகிற வழியில் பஸ் மோதிவிட்டதாம் என்றார். நான் டாலிகஞ்சில் என் தெருவுக்குள் நுழைவதற்குள், அவர் போன வருஷமே போய்விட்டார், தீவுக்குத்தான் செய்தி தாமதம் என்றும் ஆகியிருந்தது. தந்தியில் இருந்ததோ அப்பா காலமானார் என்பது மட்டும். திரும்பிப் போய் அவர் மகனுக்குப் பதில் தந்தி அடித்தேன். "காய்ச்சல். வீட்டில். கடைசிவரை நினைவோடு" என்று மறுநாள் பதில் வந்தது. பஜாரில் இன்னமும் மாரடைப்பு என்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.

நம் வாசக மன்றத்தின் இரங்கல் கூட்டத்தில் நான்கு பேர் பேசினார்கள். மூன்று பேர் அவரை நடமாடும் கலைக்களஞ்சியம் என்றார்கள். அவர் உயிரோடு உட்கார்ந்திருந்தால் எழுந்து வெளியே போயிருப்பார். என்னை யாரும் பேச அழைக்கவில்லை. நாங்கள் இருவரும் பல வருஷங்களாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது ஊருக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது. நினைவு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டவர் காதர் பாய் ஒருவர்தான். அவருக்காக எழுதுகிறேன்.

சமீபத்தில் கப்பலில் வந்து இறங்கியவர்களுக்காகச் சொல்கிறேன். தர்மலிங்கம் சார் துறைமுக அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். பொங்கல்தோறும் மன்றம் நடத்தும் பொது அறிவுப் போட்டிக்கு அவர்தான் கேள்வி கேட்பவர், அவர்தான் நடுவர். அலுவலகத்துக்கு ஓர் அணி. பொதுப்பணித் துறை, துறைமுகம், காட்டு இலாகா, எங்கள் கல்வி அலுவலகம் என்று மோதிக்கொள்வோம். ஒரு பதிலில் சந்தேகம் வந்தால் அவர் தீர்ப்புச் சொல்லமாட்டார். "இது கப்பலுக்கு" என்பார். கடலுக்கு அப்பால் மெயின்லேண்டில் இருக்கும் படிப்பாளி ஒருவருக்குக் கடிதம் எழுதுவார். பதில் அடுத்த கப்பலில் வரும், அல்லது அதற்கடுத்த கப்பலில். அதுவரை அந்த மதிப்பெண் அந்தரத்தில் நிற்கும்.

அப்படித்தான் எங்கள் கோப்பை போயிற்று. ஒட்டகம் திமிலில் என்ன சேர்த்து வைக்கிறது என்று கேட்டார். தண்ணீர் என்றேன். எதிரணியும் எதிர்ப்புச் சொல்லவில்லை, சபையும் தலையாட்டியது. அவர் மட்டும் யோசித்தார். "எங்கேயோ வேற மாதிரி படிச்ச ஞாபகம். இது கப்பலுக்கு." மற்ற மதிப்பெண்களைக் கூட்டிக் கோப்பையை எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் எங்கள் அலமாரியில் அது பளபளத்தது. பிறகு கல்லூரி விலங்கியல் ஆசிரியர் ஒருவரின் பதில் வந்தது. திமிலில் இருப்பது கொழுப்பு, தண்ணீர் இல்லை. தர்மலிங்கம் சார் நேரில் வந்து, எங்கள் அதிகாரியிடம் கடிதத்தைக் காட்டி, கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டப்பகலில் பஜார் வழியாகப் பொதுப்பணித் துறைக்கு எடுத்துப் போனார்.

அன்று மாலை சர்க்கரை வாங்கப் போனபோது காதர் பாய் விடவில்லை. "என்ன சார், ஒட்டகம் உங்க கப்பையும் குடிச்சிருச்சாமே?"

"பாய், சர்க்கரையைப் போடுங்க."

"போடறேன். இதுவாவது சர்க்கரைதானான்னு கப்பலுக்கு எழுதிக் கேட்டுக்கங்க."

நான் எம்.ஏ. படித்தவன். என்னைவிடக் குறைவாகப் படித்தவர்கள் எனக்கு முன்னால் பதவி உயர்வு வாங்கிப்போன காலம் அது. அந்த ஒட்டகத்தையும் நான் மறக்கவில்லை. ஒருநாள் அவரிடமே கேட்டேன், ஊரே தண்ணீர் என்று சொல்லும்போது உங்களுக்கு மட்டும் என்ன என்று. "எல்லாரும் சொல்றாங்கங்கிறது பதில் இல்ல சார், அது வெறும் சத்தம்" என்றார்.

இவ்வளவு கறாரான மனிதருக்கு ஒரு குறை இருந்தது. எங்கள் எல்லோருக்கும் இருந்த குறைதான். மெயின்லேண்டைப் பற்றி எதைச் சொன்னாலும் சரிபார்ப்பார். தீவைப் பற்றி எதையும் சரிபார்த்ததில்லை. நாம்தான் இங்கேயே இருக்கிறோமே, மழையில் நனைகிறோமே, இதைக்கூடவா யாரிடமாவது கேட்கவேண்டும் என்ற நினைப்பு.

இரண்டு வருஷம் கழித்து வந்த பொங்கல் போட்டியில் அவர் கேட்டார்: அந்தமானில் உள்ள மிகக் கொடிய விஷப்பாம்பு எது? துறைமுக அணி உடனே மணியடித்தது. "எதுவும் இல்லை. இங்கே பாம்புக்கு விஷம் கிடையாது. பூரானுக்குத்தான் விஷம்." அன்று இங்கே எல்லோரும் நம்பியது அதுதான். பள்ளிக்கூடத்திலும் அதையே சொன்னார்கள். சபை கைதட்டியது. முந்திக்கொண்டார்களே என்று நான் எரிச்சல்பட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "சரி, மதிப்பெண்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

மூன்றாவது வரிசையில் என் அண்ணன் மாரிமுத்து உட்கார்ந்திருந்தான். வடக்கு அந்தமானில், திக்லிபூரில் அவனுக்கு நெல் வயலும் கொஞ்சம் பாக்கு மரங்களும் இருந்தன. பொங்கலுக்குக் கப்பல் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவான். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்தப் போட்டி என்றால் உயிர். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கேள்விகளைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பான். "அந்த சார் சொன்னா சரியாத்தான்டா இருக்கும். உன் ஒட்டகத்தையே விடலையே" என்று அன்று என் முதுகில் தட்டினான்.

அடுத்த அறுவடையில் அவனைப் பாம்பு கடித்தது. வயர்லெஸ்ஸில் செய்தி வந்து, படகு கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணி பிள்ளைகளோடு தன் ஊரான பரமக்குடிக்கே போய்விட்டாள். யாரையும் குற்றம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தலைவிதி என்றார்கள். நானும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்வந்தேன்.

தர்மலிங்கம் சார் லீவு போட்டுவிட்டு திக்லிபூர் போனது எனக்குத் தெரியாது. யாரும் அவரை அனுப்பவில்லை. பாம்பு கடித்து ஒருவன் செத்தான் என்ற செய்தி அவர் மேடையில் சொன்னதோடு பொருந்தவில்லை, அதனால் போயிருக்கிறார். திரும்பி வந்ததும் ஒரு மாலை என் வீட்டு வாசலில் நின்றார்.

"உட்காருங்க சார்."

"இல்ல, நின்னுக்கிட்டே சொல்லிடறேன். உட்கார்ந்தா சொல்ல வராது."

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஆபீசில் கப்பல் வரும் நேரம் சொல்வதுபோலவே சொன்னார். "கடிச்சது நல்ல பாம்பு. அடிச்சுப் போட்டிருக்காங்க. பார்த்தவங்க ரெண்டு பேரையும் தனித்தனியா விசாரிச்சேன். ஒரே மாதிரிதான் சொன்னாங்க. கம்பவுண்டரையும் பார்த்தேன். அன்னைக்கு டிஸ்பென்சரியில மருந்து இருந்திருக்கு."

"மருந்து இருந்ததா?"

"இருந்துச்சு. பக்கத்து வயல் மண்டல் பாபு, கிளம்பு கிளம்புன்னு கையைப் பிடிச்சு இழுத்திருக்கார். உங்க அண்ணன் சிரிச்சாராம். 'ஜஹர் நஹி ஹை தாதா, விஷம் இல்லண்ணே, போர்ட் பிளேர்ல மேடையிலயே சொல்லிட்டாங்க'ன்னு சொல்லிட்டு, காலைக் கழுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருக்கார்." அதே குரலில் தொடர்ந்தார். "மேடையில சொன்னது நான்தான்."

உள்ளே என் மனைவி காபி ஆற்றுகிற சத்தம் கேட்டது.

"இதை யார் உங்ககிட்ட கேட்டாங்க?" என்றேன்.

"யாரும் கேட்கல."

"சொல்லாம இருந்திருக்கலாமே. எனக்குத் தெரிஞ்சே இருக்காதே. விதின்னு நெனச்சுக்கிட்டு நானும் பொழைச்சிருப்பேனே."

"சரிபார்த்ததைச் சொல்லாம மறைச்சா, அது சரிபார்க்காம இருந்ததைவிடக் கேவலம் சார்."

"போங்க" என்றேன். போய்விட்டார். காபியோடு வந்த என் மனைவி காலி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு நானாக அவரோடு பேசவில்லை. எதிரில் வந்தால் மறுபக்கம் போனேன். என்னிடம் இல்லாத ஒரு பகையை அவராகவே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அதை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். எனக்கு அது நன்றாக வரும்.

மறுவருஷப் பொங்கல் போட்டிக்குப் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனாலும் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். அவர் மைக்கைப் பிடித்து, "முதல் கேள்விக்கு மதிப்பெண் இல்லை. எல்லாரும் பதில் சொல்லலாம். அந்தமானில் பாம்புக்கு விஷம் உண்டா?" என்றார்.

"இல்லை" என்று பல குரல்கள்.

"உண்டு. போன வருஷம் இதே இடத்துல நின்னு நான் தப்பாச் சொன்னேன். நல்ல பாம்பு இருக்கு, கட்டுவிரியன் இருக்கு. கடிச்சா நிக்காம டிஸ்பென்சரிக்குப் போகணும்."

மன்றச் செயலாளர் தலைமை விருந்தினர் பக்கம் குனிந்து எதையோ சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்கு மறக்கவில்லை. அதற்கடுத்த வருஷமும் அதே கேள்வி. அதற்கடுத்த வருஷமும். பிறகு அது மன்றத்தின் வேடிக்கை ஆகிவிட்டது. அவர் மைக்கைத் தட்டியவுடன் முன்வரிசைப் பிள்ளைகள் "உண்டு! டிஸ்பென்சரி!" என்று கோஷம் போடுவார்கள். பத்துபஸ்தியிலிருந்து வருகிற கூட்டம் அதற்கென்றே சீக்கிரம் வரும். பஜாரில் அவர் பெயர் பாம்பு சார் என்று ஆயிற்று. காதர் பாய்கூட, "பாம்பு சார், அரிசியில ஒண்ணும் இல்ல, நான் பார்த்துட்டேன்" என்பார். அவரும் சிரித்துக்கொள்வார். இறந்தவன் யார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த ஒரு கேள்வி முடிகிறவரை நின்றுவிட்டு வெளியே வந்துவிடுவேன். நான் நிற்பதை அவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. சரிபார்க்க இனி வழியில்லை.

ஓய்வுபெற்றுக் கப்பல் ஏறுவதற்கு முன் என் அலுவலகத்துக்கு வந்தார். மிகவும் இளைத்திருந்தார்.

"அடுத்த வருஷம் நான் இருக்கமாட்டேன். முதல் கேள்வியை நீங்க கேப்பீங்களா?"

நான் தலை நிமிரவில்லை. "அது உங்க பாரம். நீங்களே கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போங்க."

"நியாயம்தான்" என்றார். வழியனுப்ப ஊரே துறைமுகத்து ஜெட்டிக்குப் போனது. நான் போகவில்லை.

அவர் இடத்துக்கு வந்த இளைஞர் முதல் வேலையாக அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார். எல்லோருக்கும் தெரிந்ததற்கு எதற்கு நேரம் என்றாராம். கோஷம் போட்ட பிள்ளைகள் வளர்ந்து மெயின்லேண்டில் படிக்கிறார்கள். போன மாதம் எங்கள் ஆபீசுக்குப் புதிதாக வந்த கிளார்க் மதியச் சாப்பாட்டின்போது சொன்னான், "இங்க ஒரு வசதி சார். பாம்புக்கு விஷமே கிடையாதாமே." யாரப்பா சொன்னது என்று கேட்டேன். "எல்லாரும் சொல்றாங்க சார்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து அவனை உட்காரவைத்துச் சொன்னேன். எந்தப் பாம்பு, எங்கே கடித்தது, மருந்து எங்கே இருந்தது, மண்டல் பாபு எப்படிக் கையைப் பிடித்து இழுத்தார், எல்லாவற்றையும். அவன் நம்பாமல், "உங்களுக்கு எப்படி சார் இவ்வளவு விவரம் தெரியும்?" என்றான். "தர்மலிங்கம் சார் போய் விசாரிச்சுட்டு வந்து சொன்னார்" என்றேன். என் வீட்டு வாசலிலிருந்து அவரை விரட்டிய பிறகு அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போது அவர் உயிரோடு இருந்தார். ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இந்த மாதம் தந்தி வந்துவிட்டது.

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. நானும் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகும். பொய் எழுதி அவருக்கு அஞ்சலி செய்ய முடியாது. அவர் வைத்திருந்த புத்தகங்கள் நம் படிப்பகத்தில் இருக்கின்றன, வேண்டியவர்கள் படித்துக்கொள்ளலாம். நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு கேள்வியை. வருகிற பொங்கலுக்குச் செயலாளர் அனுமதித்தாலும் அனுமதிக்காவிட்டாலும் நான் மேடையேறி அதைக் கேட்கப்போகிறேன். மதிப்பெண் கிடையாது. முன்போல நீங்கள் சிரிக்கலாம், கோஷம் போடலாம். ஆனால் பதிலை இத்தனை வருஷம் அவர் யாருக்காகச் சொன்னார் என்பது இனி உங்களுக்கும் தெரியும். அவன் பெயர் மாரிமுத்து.