படத்தில் தெரியும் ஒரு சாமைக் கொல்லை

ஊராருடைய ஓய்வூதியப் பணத்தை முதலீடு செய்யும் பெரிய நிறுவனம் ஒன்றில், மும்பையில் வேலை பார்க்கிறேன். என் பிரிவின் பெயர் 'பொறுப்பான முதலீடு'. மரம் வளர்க்கும் திட்டத்துக்குப் பணம் போகும் முன், அந்த நிலத்தை நம்பி யாரும் பிழைக்கவில்லை என்று நான் உறுதி சொல்ல வேண்டும். பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

வெள்ளிமலைப் பக்கத்துச் சரிவு ஒன்றும் அப்படித்தான் வந்தது. நடுவில் ஒரு துண்டு நிலம் பழுப்பாகக் கிடந்தது. 'ஆளில்லா நிலம்' என்று எழுதினேன். நான் கச்சிராயபாளையத்துக்காரி. கோமுகி அணையிலிருந்து அந்த மலையைப் பார்த்தே வளர்ந்தும், ஒருநாளும் ஏறியதில்லை. தேவைப்பட்டால் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கலாம் என்ற விதியைச் சாக்காக வைத்துச் சித்திரையில் போனேன்.

அந்தத் துண்டு நிலத்தில் ஓர் அம்மாள் குனிந்து நின்றிருந்தார்.

"அக்கா, இங்க யாரும் பயிர் வெக்கிறதில்லீங்களா?"

"வெக்காம? ரெண்டு வருசம் சாமை வெளஞ்சுது. இந்த வருசம் சும்மா கெடக்கட்டும்னு உட்டு வெச்சிருக்கோம். அதான் கல்லு பொறுக்கிக்கினு இருக்கேன்."

படத்தைக் காட்டி, எழுதியதையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"தூங்கறவள செத்துட்டான்னு எழுதிட்டியே, கண்ணு!"

எனக்கு மானம் போயிற்று. அவருக்கு இருந்ததே அந்த ஒரு கொல்லைதான். அங்கேயே உட்கார்ந்து குறிப்பைத் திருத்தினேன். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்.

"வர்ற வருசம் ஐப்பசில வா. புதுச் சாமைல ஆக்கிப் போடறேன்."

வருகிறேன் என்றேன். போகவில்லை. கொல்லையை விட்டுவிட்டுச் சுற்றிலும் மரம் நட்டார்கள். அதன்பின் ஆபீஸ் என்னை அனுப்பவில்லை. சொந்தக் காசில் போயிருக்கலாம். லீவு இல்லை என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன்.

படம் மட்டும் தவறாமல் வரும். மரங்களைப் பார்க்க வேண்டியவள், அந்தக் கொல்லையைத்தான் முதலில் பெரிதாக்குவேன். ஓரத்தில் ஒரு புள்ளி தெரியும். பாறையாகக்கூட இருக்கலாம். அவர்தான் என்று வைத்துக்கொள்வேன். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க மனசு கிடந்து தவிக்கும்.

இரண்டு வருஷம் விளைச்சல், ஒரு வருஷம் ஓய்வு. அது எனக்கும் பழகிவிட்டது. ஆனால் இப்போது தொடர்ந்து மூன்றாவது ஐப்பசியாகப் படம் பழுப்பாகவே வருகிறது. 'ஆளில்லா நிலம்' என்று கம்ப்யூட்டர் தானாகவே எழுதி, என் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.

ஒப்புதல் கொடுக்கவில்லை. லீவுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நிலம் தூங்குகிறது என்று சொல்ல அவர் அங்கே இருக்க வேண்டும்.